பின்சீட்டுக்கும் பெல்ட் உண்டு

மதுரைப் பக்கம் குடும்பத்தோடு காரில் கிளம்பினால், ஓட்டுபவர் மட்டும் பெல்ட் போட்டுக்கொள்வார். சிலருக்கு அதுவும் போலீஸ் செக்கிங் கண்ணில் பட்டால்தான் நினைவுக்கு வரும். முன்சீட்டில் பேரப்பிள்ளையை மடியில் வைத்தபடி தாத்தா. பின்சீட்டில் மற்றவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முன்சீட் மறைத்திருப்பதால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றொரு நம்பிக்கை.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே, சூர்யா ஆற்றுப் பாலத்தில் ஒரு விலையுயர்ந்த கார் மோதியது. பெல்ட் அணிந்து முன்னால் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடைய நண்பரும் இறந்துபோனார்கள்.

கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி விருதுநகர் நோக்கிப் போகும் நான்குவழிச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகம் சாதாரணம். கார் எதிலாவது மோதி நின்றாலும், உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். சுமார் 39 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தில் ஏறக்குறைய முக்கால் உயரம். அந்த வேகத்தை எலும்பு வலுவாக உள்ள இடங்களில், அதாவது தோள், மார்பு, இடுப்பில் பரவலாகத் தாங்கிக் குறைப்பதுதான் பெல்ட்டின் வேலை. இந்த மும்முனை பெல்ட்டை 1959இல் வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ காப்புரிமையைத் திறந்துவிட்டது. இதைவிடப் பெரிய கொடையை எந்தக் கார் நிறுவனமும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல. மோதலை சென்சார் உணர்ந்ததும் வேதிப்பொருள் எரிந்து வாயு பீறிடும். ஒரு வினாடியில் நூறில் மூன்று பங்கு நேரத்துக்குள் பை விரிந்துவிடும். வெளிவரும் வேகம் மணிக்கு 300 கி.மீ. வரை போகலாம். பெல்ட் போட்டவர் விரிந்து முடிந்த பையில் சாய்கிறார். போடாதவரோ பிரேக் அடித்தவுடனேயே முன்னால் சரிந்து, விரிந்துகொண்டிருக்கும் பையின் அடியை முகத்தில் வாங்குகிறார். அதனால்தான் ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்கிறார்கள்.

இப்போது தாத்தா மடியில் இருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஏர்பேக்குக்கும் தாத்தாவுக்கும் நடுவே இருப்பது அந்தப் பிஞ்சு உடல்தான். இறுகப் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு வினாடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். குழந்தையின் இடம் பின்சீட்டு, அதற்கென்று உள்ள குழந்தை இருக்கையில். பின்னோக்கிப் பார்த்த குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

கர்ப்பிணிகளும் பெல்ட் அணிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேலே போகாமல் அடியில், இடுப்பெலும்பை ஒட்டி இருக்கட்டும்.

பெல்ட் அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு செய்யாவிட்டாலும் அதே தொகை. எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் போலி கிளிப்புகளை இணையக் கடைகளிலிருந்து நீக்கும்படி 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. உங்கள் காரில் அப்படி ஒன்று இருந்தால் இன்றே கழற்றி எறியுங்கள். பின்சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும் பெல்ட் கொக்கிகளையும் வெளியே எடுத்துப் போடுங்கள்.