புறப்புண்

மார்பிற் பட்டது விழுப்புண். முதுகிற் பட்டது நாணத்தக்க புறப்புண். வெண்ணிப் போரில் அதனை நாணியே சேரன் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். புறநானூற்றில் இவ்விடம் வரும்போதெல்லாம் மாணவர் கண்கள் ஒளிரும். கண்டியிற் கற்பிக்கும் எனக்கோ வட்டபுளுவை நினைவுக்கு வரும்.

1803 பெப்ரவரியில் இந்நகரைக் கைக்கொண்ட ஆங்கிலப் படையைப் போரினும் காய்ச்சலே மிகுதியாகக் கொன்றது. ஜூன் 24இல் மேஜர் டேவி பணிந்து வெளியேறினார். பின்தங்கிய நோயாளர் படுக்கையிலேயே கொல்லப்பட்டனர். ஏனையோரை வட்டபுளுவையில் வெள்ளம் பெருகிய மகாவலி மறித்தது. படைக்கலம் களைந்த அவர்களை அரசன் ஆட்கள் இருவர் இருவராக அழைத்துச்சென்று வெட்டினர். பார்ன்ஸ்லி என்னும் கோப்பிரல் பிடரி அறுபட்டும் பிணம்போற் கிடந்து, பின்னர் ஒரு கையால் தலையைத் தாங்கியவாறே ஆற்றை நீந்தி, மக்டோவல் கோட்டையிற் செய்தி சொன்னார். அவர் பட்டதும் புறப்புண்தான். மார்பு காட்டி நிற்க அங்கே போர் எது?

கொல்லாது விடப்பட்ட டேவி, ஆண்டுக்கணக்கிற் சிறையிருந்து கண்டி நாட்டிலேயே மாண்டார்.