தலைப்புகள் இருந்தாற் போதுமா?

ஆய்வுக் கட்டுரையொன்றில் பொழிப்பு, அறிமுகம், முறையியல், முடிவு, உசாத்துணை என்பன ஒழுங்காக அமைந்திருப்பதை அவதானித்திருப்பீர்கள். இவை இருந்தாற் போதுமா?

2005இல் ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவக மாணவர் மூவர் 'சைஜென்' என்னும் கணினி நிரலை எழுதினர. வெற்றிடங்கள் கொண்ட வாக்கிய அமைப்புகளை, கலைச்சொற்களை எழுமாறாகத் தெரிந்து அது நிரப்பும். வரைபுகளும் உசாத்துணைப் பட்டியலும்கூட அவ்வாறே உருவாகும். கருத்து மட்டும் இராது! அத்தகைய கட்டுரையொன்றைப் புளோரிடாவில் நடைபெறவிருந்த மாநாடொன்று மதிப்பீடின்றியே ஏற்றது. விடயம் வெளியானதும் ஏற்பை இரத்துச் செய்தது. 2014இல் ஸ்பிரிங்கர், ஐ.ஈ.ஈ.ஈ. ஆகிய வெளியீட்டாளர்கள் இந்நிரல் உருவாக்கிய 120க்கு மேற்பட்ட கட்டுரைகளை நீக்க நேர்ந்தது.

உண்மையான கட்டுரையில் "எனவே" என்ற சொல்லுக்கு முன்னுள்ள வாக்கியம் பின்னுள்ளதற்குக் காரணமாக இருக்கும். உசாத்துணையிற் குறித்த நூலைத் திறந்தால் சொன்ன செய்தி அங்கே கிடைக்கும். சைஜென் கட்டுரையில் இரு வாக்கியங்களை இடம்மாற்றிப் பாருங்கள், எதுவும் கெடாது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் வாக்கியங்களோ நன்கு பொருந்தும். ஆயினும், இல்லாத நூல்களையும் அவை உசாத்துணையாகத் தருவதுண்டு. ஆகவே நூலைத் தேடிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

உங்கள் செயற்றிட்ட அறிக்கையில் "எனவே" வரும் இடங்களைக் கோடிட்டுப் பாருங்கள். தலைப்புகள் சரியாக இருந்தும் புள்ளி குறைவது பெரும்பாலும் அங்கேதான்.