திங்கட்கிழமைகளின் பலன்

தில்லி மெட்ரோ குறித்த காலத்துக்கு முன்பே ஓடியதில் வாரம் ஒரு கூட்டத்துக்கும் பங்கு உண்டு. அலுவலகங்கள் கவனிக்க வேண்டிய பாடம்.

திங்கட்கிழமை கரோல் பாக் கடைவீதிக்கு வார விடுமுறை. அஜ்மல் கான் சாலையில் பெரிய கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருக்கும். நடைபாதை வியாபாரிகளுக்குத்தான் கொண்டாட்டம். ஆனால் பக்கத்தில் பூசா சாலையின் நடுவே மெட்ரோ ரயிலுக்காகத் தூண்கள் எழும்பிய காலத்தில், அந்த வேலையை நடத்தியவர்களுக்கு வாரத்தின் முக்கியமான நாளே திங்கட்கிழமைதான். தில்லி மெட்ரோ ரயில் கார்ப்பரேஷனின் துறைத் தலைவர்கள் நிர்வாக இயக்குநர் இ. ஸ்ரீதரனுடன் கூடிப் பேசும் நாள் அது.

பேச்சு சுற்றி வளைக்காது. வேலை எந்த மட்டில் இருக்கிறது, எது தடை, அதை யார் நீக்குவது, எந்தத் தேதிக்குள்? சாதாரண அரசு அலுவலகத்தில் இதே கேள்விகள் ஒரு கோப்பில் ஏறி, மேஜை மேஜையாகப் பயணம் செய்யும். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பு எழுதுவார்கள். நிதித் துறை ஒரு சந்தேகம் கேட்கும். கோப்பு மீண்டும் கீழே இறங்கும். மெட்ரோவில் சம்பந்தப்பட்டவர்கள் அனைவரும் ஒரே அறையில் இருந்ததால், ஆட்சேபணையை அங்கேயே சொல்லியாக வேண்டும், பதிலும் அங்கேயே கிடைக்கும்.

பலன் கண்கூடு. 1998 அக்டோபரில் வேலை தொடங்கிய 65 கி.மீ. முதல் கட்டத்துக்கு 10 ஆண்டுகள் என்று திட்டமிடப்பட்டிருந்தது. 7 ஆண்டு 3 மாதங்களில் முடிந்தது. கரோல் பாக் நிலையம் 2005 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் உண்டு. கல்கத்தா மெட்ரோவுக்கு 1972இல் அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் ரயில் ஓடியது 1984இல். சுமார் 16 கி.மீ. பாதை முழுமையடைந்தது 1995இல்.

கூட்டம் ஒன்றுதான் காரணம் என்றால் அது மிகை. தில்லிக்கு ஜப்பானியக் கடன் தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. கல்கத்தா பணத்துக்காகத் தவம் கிடந்தது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் ஸ்ரீதரனுக்கு இருந்தது. ஆனால் பணமும் அதிகாரமும் இருந்தும் நாள் கடத்தும் அலுவலகங்கள் ஏராளம்.

ஸ்ரீதரனின் வேகம் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் சீரமைக்க ரயில்வே 6 மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். பின்னர் கொங்கண் ரயில்வேயிலும் தில்லியிலும் அவர் கையாண்ட உத்தி, பின்னோக்கி ஓடும் கடிகாரம். திறப்பு நாளுக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி என்பதைக் காட்டும் பலகை அது. அதைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் ‘அவசரம்’ என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கூட்டங்கள் ஏன் வீணாகின்றன என்பதை 1957இலேயே கிண்டலாகச் சொன்னவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன். அவரது கற்பனைக் குழு, ஒரு கோடி பவுண்டு செலவாகும் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. 350 பவுண்டு பெறுமான சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கிறது. அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகைக்குத் தகரம் போடுவதா, வேறு கூரையா என்பதில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு.

நம் அலுவலகங்களில் கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லை. கணக்கு எளிது: 12 பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் செலவாவது 18 மணி நேரம். ஒரு ஊழியரின் இரண்டு நாள் வேலைக்கும் மேல். இந்தச் செலவு எந்த ரசீதிலும் வராததால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சிக்கனத்துக்கு வழி உண்டு. வெறும் தகவலுக்காகக் கூட்டம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். முடிவெடுக்க வேண்டிய விஷயங்களை முதல் நாளே எழுதி அனுப்பலாம். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரும், அதைச் செய்யப்போகிறவரும் அறையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு தேதி. அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனால் சீக்கிரம் எழுந்துவிடுவதே வெற்றி என்று நினைத்தால் ஆபத்து. அதற்கும் தில்லி மெட்ரோவே சாட்சி. 2009 ஜூலை 12 அன்று தெற்கு தில்லி ஜம்ரூத்பூரில் கட்டுமானத்தில் இருந்த மேம்பாலம் சரிந்து 6 பேர் இறந்தார்கள். சரிந்த இடத்தில் இருந்த தூணின் மேற்பகுதியில் சில மாதங்களுக்கு முன்பே விரிசல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பழுதுபார்த்து வேலையைத் தொடர்ந்திருந்தார்கள். வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்றது விசாரணை. தார்மிகப் பொறுப்பேற்று ஸ்ரீதரன் ராஜிநாமா செய்தார். முதல்வர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை.

கொட்டகைக்கு இரண்டு நிமிடம், விரிசலுக்கு எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி. இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடும் தலைவர் பத்து நிமிடத்தில் கூட்டத்தை முடித்தாலும் அது வீண்தான். ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று கடைசி நாற்காலியில் இருப்பவர் சொல்லும்போது மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால், அந்த அலுவலகத்துக்குக் கூட்டம் நடத்தத் தெரிந்திருக்கிறது.