சுரங்கங்கள் தூர்ந்துபோன கதை

விண்டோஸ் 7 காலத்தில் கருப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டியவர்கள் ஒரு கணம் மிரண்டிருப்பார்கள். இருப்பது ஒரே நெட்வொர்க் கார்டு. பட்டியலிலோ ஐசாடாப், டெரிடோ என டனல் அடாப்டர்கள் வரிசைகட்டி நிற்கும். பெரும்பாலானவற்றின் கீழ் ‘மீடியா டிஸ்கனெக்டட்’ என்றிருக்கும். வைரஸோ என்று பயந்தவர்களும் உண்டு.

வைரஸ் இல்லை. ஐபிவி4 தரும் சுமார் 430 கோடி முகவரிகள் தீர்ந்துகொண்டிருந்தன. மையக் கையிருப்பே 2011 பிப்ரவரியில் காலியானது. மாற்றாக வந்த ஐபிவி6-ஐச் சுமந்துசெல்லப் பல இணையச் சேவை நிறுவனங்கள் இன்னும் தயாராகவில்லை. ஆகவே ஐபிவி6 பாக்கெட்டை ஐபிவி4 உறைக்குள் போட்டு ஒட்டி, பழைய தபால்காரரிடமே கொடுத்தார்கள். பொது முகவரி உள்ள கணினிக்கு 6டு4, வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருப்பதற்கு டெரிடோ, அலுவலக வலைக்குள் ஐசாடாப்.

நல்ல யோசனைதான், நடைமுறையில் இழுத்தடித்தது, குறிப்பாக 6டு4. நடுவழி ரிலேக்களை யார் பராமரிப்பது என்பதற்கு முறையான பொறுப்பாளி கிடையாது. போன பாக்கெட்டுக்குப் பதில் வராது. பிரவுசர் காத்துக் கிடந்து, அலுத்துப்போய் ஐபிவி4-க்குத் திரும்பும். டெரிடோவோ ஃபயர்வாலின் கண்ணில் படாமல் யுடிபி உறைக்குள் புகுந்துபோனது. விவரம் தெரிந்தவர்கள் நெட்ஷ் கட்டளையால் மூன்றையும் ஒவ்வொன்றாக முடக்கினார்கள். பொறுமையற்றவர்கள் ரெஜிஸ்ட்ரியில் ஐபிவி6-ஐயே ஒட்டுமொத்தமாக அணைத்தார்கள். அதற்காகப் பரவலாகச் சொல்லப்பட்ட மதிப்பில் எஃப் எழுத்துகள் தேவைக்கு மேல் இருந்ததால், கணினி எழும்போது 5 நொடி தாமதம் கூடியதுதான் மிச்சம்!

இப்போது இந்த டனல்களை, அதாவது சுரங்கங்களை, முடக்கும் வேலையை விண்டோஸே முடித்துவிட்டது. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில் 6டு4, 1703-இல் ஐசாடாப், 1803-இல் டெரிடோ என்று ஒவ்வொன்றாக இயல்பிலேயே முடங்கின. பிரவுசர்களும் ஐபிவி4, ஐபிவி6 என இரண்டு வழியையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முயன்று, முந்தி வந்ததைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டன. இந்தியாவில் ஜியோ 2016-இல் தன் 4ஜி வலையை ஐபிவி6-உடனேயே தொடங்கியது. உறை தேவைப்படாமல் போனது. பழைய பழக்கத்தில் இன்றும் ஐபிவி6 டிக்கை எடுத்துவிடுபவர்கள், சுரங்கத்தை அல்ல, நேர்வழியையே அடைக்கிறார்கள். மைக்ரோசாஃப்டும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஒரு கூட்டம் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. விண்டோஸில் எக்ஸ்பாக்ஸ் விளையாடுபவர்களுக்கு நண்பர்களோடு பேச டெரிடோ வேண்டும். முடக்கிய அதே நெட்ஷ் கட்டளையை மாற்றித் தட்டி, அதை எழுப்ப அவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.