கடலில் ஒரு மின்களஞ்சியம்

நுழையும்முன்
கரையில் மின்சாரம் நின்றால் விளக்கேற்றிக் காத்திருக்கலாம். நடுக்கடலில் நின்றாலோ, வழிகாட்டும் கருவி அணையும், இயந்திரம் இயங்காது, உதவி கேட்கவும் இயலாது. சிறு விசைப்படகில் மின்சாரத்தைச் சேமித்துக் காக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இரு களஞ்சியங்கள்
மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க ஈய-அமில மின்கலத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டு உருவாக்கினார். அத்தகைய கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு கலங்கள் சேர்ந்ததே 12 வோல்ட் மின்கல அடுக்கு.

படகின் மின்தேவை இருவகைப்படும். இயந்திரத்தைத் தொடங்கச் சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் வேண்டும். விளக்கு, புவியிடங்காட்டி, தொலைத்தொடர்புக் கருவி ஆகியவற்றுக்குச் சிறு மின்னோட்டம் பல மணிநேரம் வேண்டும். இரண்டையும் ஓர் அடுக்கிடமே ஒப்படைத்தால், இரவெல்லாம் எரிந்த விளக்கு விடியலில் இயந்திரத்தைத் தொடங்கவிடாது. ஆதலால், விதைநெல்லைத் தனியே வைக்கும் உழவரைப் போலத் தொடக்க அடுக்கைத் தனியே காத்தல் வேண்டும்.

கணக்கறிந்து சேமித்தல்
கருவிகள் அனைத்தும் சேர்ந்து 2 ஆம்பியர் மின்னோட்டத்தை 12 மணிநேரம் பெறுவதாகக் கொள்வோம். தேவை 24 ஆம்பியர்-மணி. ஈய-அமில அடுக்கைப் பாதிக்குமேல் அடிக்கடி வெறுமையாக்கினால் அதன் வாழ்நாள் குறையும். எனவே, குறைந்தது 48 ஆம்பியர்-மணி கொள்ளளவு தேவை. ஓர் அடுக்கு போதாதெனில், ஒரே வகையும் வயதும் உடைய இரண்டைப் பக்க இணைப்பில் சேர்க்கலாம். மின்னழுத்தம் மாறாது, கொள்ளளவு இருமடங்காகும். தொடரிணைப்பிலோ மின்னழுத்தம் 24 வோல்ட்டாகிவிடும்.

மின்னேற்றமும் காப்பும்
இயந்திரத்தோடு சுழலும் மின்னியற்றி ஓடும்போது மின்னேற்றும். சூரிய மின்தகடு பகலெல்லாம் மின்னேற்றும். தகட்டுக்கும் அடுக்குக்கும் இடையே அமையும் கட்டுப்படுத்தி, மிகை மின்னேற்றத்தைத் தடுக்கும். இரு களஞ்சியங்களுக்கும் இடையே அமையும் பிரிப்பான், இரண்டும் நிரம்ப வழிவிடும். ஒன்று மற்றொன்றை வெறுமையாக்க விடாது.

நேர்மின் முனைக்கு அருகிலேயே உருகியைப் பொருத்துதல் வேண்டும். மின்னேற்றத்தின்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிப்படுமாதலால், அடுக்கு இருக்குமிடம் காற்றோட்டம் உடையதாதல் இன்றியமையாதது. அலையில் சாயாதவாறு அடுக்கை இறுகக் கட்டுவதும் கடமையாகும்.

> தெரிந்து தெளிவோம்
> மின்கல அமிலத்தோடு கடல்நீர் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகக்கூடும்.

ஓய்வுநிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டினால் அடுக்கு நிரம்பியுள்ளது, 12.2 எனில் பாதியளவே உள்ளது. புறப்படும்முன் காற்றையும் நீரோட்டத்தையும் நோக்குவது கடலோடிகளின் மரபு. அவற்றோடு வோல்ட்மீட்டரையும் நோக்கினால், சென்ற படகு கரை சேரும் உறுதி கூடும்.