கிடார் பிக்கப்: எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

நம் திருச்சி வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் மின்கிடார் வாசிக்கிறார்கள். கனத்த ஓசைக்குப் பிக்கப் வாங்கும்போது, மின்தடையைக் காட்டும் ஓம் எண் கூடியதே உசத்தி என்று நினைக்கிறார்கள். மூட்டையின் முத்திரையை மட்டும் பார்த்து நாம் சரக்கெடுப்போமா?

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருளும்தான். சுற்று கூடினால் வெளியீடு கூடும், மேல்சுரத் தெளிவு குறையும். கம்பி மெலிந்தாலே ஓம் எண்ணும் ஏறிவிடும். ஆகவே எண் மட்டும் அளவுகோல் ஆகாது. இரைச்சல் குறைய இரட்டைச்சுருள் 'ஹம்பக்கர்' நல்லது. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். பலத்த காந்தம் தந்தியை நெருங்கினால் சுருதி கெடும்.

வெளியீடு மிகுந்து ஆம்ப்ளிஃபயர் திணறும்போதுதான் அந்தக் கரகரப்பு பிறக்கிறது. அளவு மீறினாலோ சுரங்கள் கலங்கிவிடும். முக்கொம்பிலும் மதகை அளவறிந்துதான் திறக்கிறார்கள்.

மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969-2014) எட்டுத் தந்தியை ஐந்தாக்கி, மின் மாண்டலினில் கமகம் வாசித்தார். தம் இசைக்கு எது தேவையோ அதையே தேர்ந்தார்.

ஆகவே வணிக நண்பர்களே, பிள்ளையின் கிடாரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் வாசித்துக் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.