மரச்சுவர் எது?

எதிரிப் படை நெருங்கி வருகிறது. தப்பிக்க வழி கேட்டு ஒரு கோவிலுக்கு ஆள் அனுப்புகின்றனர். கிடைத்த பதிலோ விடுகதை போல இருக்கிறது. விடையைத் தப்பாகப் புரிந்து கொண்டால் ஊரே காலி!

கதையல்ல குட்டீஸ். கி.மு., 480ல் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்துக்கு வந்த சோதனை இது.

அந்தக் கோவில் இருந்த ஊர் டெல்பி. பர்னாசஸ் மலைச் சரிவில், அப்பல்லோ தெய்வத்துக்காகக் கட்டப்பட்ட கோவில். சீயஸ் கடவுள், உலகின் இரு கோடிகளிலிருந்து இரண்டு கழுகுகளைப் பறக்க விட்டாராம். அவை சந்தித்த இடம் இதுதானாம். எனவே, பூமியின் தொப்புள் என்று ஒரு கல்லையும் இங்கே வைத்திருந்தனர்.

அருள்வாக்கு சொன்னவர் ஒரு பெண். 'பித்தியா' என்பது அவரது பதவியின் பெயர். முக்காலி மேல் அமர்ந்து, அப்பல்லோவே பேசுவது போலப் பதில் சொல்வார். மாதத்துக்கு ஒரு நாள் தான் வாக்கு. குளிர்காலம் மூன்று மாதம் அதுவும் கிடையாது. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! வரிசையில் முந்திப் போகும் உரிமையைச் சில ஊர்களுக்குப் பரிசாகவே கொடுத்திருந்தனர்.

எதற்கெல்லாம் வந்தனர் தெரியுமா? பாட்டஸ் என்பவர் திக்குவாய் சரியாக வழி கேட்டு வந்தார். 'ஆப்ரிக்காவின் லிபியாவுக்குப் போய் ஊர் அமைத்துக் கொள்' என்று பதில் வந்ததாம்! அப்படி உருவான சைரீன் நகரத்தின் இடிபாடுகளை லிபியாவில் இன்றும் பார்க்கலாம்.

அரசர்களும் வந்தனர். லிடியா நாட்டு மன்னர் குரோசஸ் பெரிய பணக்காரர். பாரசீகத்தின் மீது படையெடுக்கலாமா என்று கேட்டனுப்பினார். படையெடுத்தால் ஒரு பெரிய பேரரசு அழியும் என்றது டெல்பி. மகிழ்ச்சியோடு போனார். அழிந்தது அவருடைய பேரரசு! எந்தப் பேரரசு என்று திரும்பக் கேட்டிருக்க வேண்டாமா?

இனி ஏதென்சுக்கு வருவோம். பாரசீக மன்னர் செர்க்சஸ் பெரும் படையோடு வருகிறார் என்றதும், ஏதென்ஸ் தூதர்கள் டெல்பிக்கு ஓடினர். 'எல்லாம் அழியப் போகிறது, ஓடிப் போங்கள்' என்ற பொருளில் பதில் வந்தது. தூதர்கள் இடிந்து போயினர். ஆனால், வெறுங்கையோடு ஊர் திரும்பவில்லை. ஆலிவ் கிளைகளை ஏந்தி மறுபடியும் போய்க் கெஞ்சினர். இரண்டாவது பதிலில் இரண்டு செய்திகள் இருந்தன. மரச்சுவர் மட்டும் காப்பாற்றும். சலாமிஸ் தீவு பல தாய்மாரின் பிள்ளைகளை அழிக்கும்.

ஊரே கூடி விவாதித்தது. 'கோட்டைக் குன்றைச் சுற்றி அந்தக் காலத்தில் முள்வேலி இருந்தது; அதுதான் மரச்சுவர்' என்றனர் சில பெரியவர்கள். 'கப்பல் தான் மரச்சுவர். ஆனால், சலாமிசில் சண்டை போட்டால் நாம் தான் சாவோம்' என்றனர் குறி விளக்குபவர்கள்.

அப்போது எழுந்தார் தெமிஸ்டோகிளிஸ். நமக்கு அழிவு என்றால் 'கொடிய சலாமிஸ்' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும், 'தெய்வீக சலாமிஸ்' என்று ஏன் வந்தது என்று கேட்டார். ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக் கொண்டு ஊரையே தன் பக்கம் திருப்பி விட்டார்! சில ஆண்டுகளுக்கு முன் ஏதென்சின் சுரங்கத்தில் நிறைய வெள்ளி கிடைத்தது. ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக் கொள்ள இருந்தவர்களைத் தடுத்து, அந்தப் பணத்தில் போர்க்கப்பல்கள் கட்ட வைத்தவரும் இவர் தான். அவர் கண்ணுக்கு மரச்சுவர் கப்பலாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை!

பெண்களையும் குழந்தைகளையும் வேறு ஊர்களுக்கு அனுப்பி விட்டு, ஆண்கள் கப்பல் ஏறினர். சிலர் மட்டும் மரச்சுவர் என்றால் வேலி தான் என்று நம்பி, குன்றின் மேல் பலகைகளால் தடுப்பு கட்டி உட்கார்ந்தனர். பாரசீகர்கள் தீ அம்புகளை எய்தனர். தடுப்பு எரிந்தது, உள்ளே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. ஏதென்சும் எரிந்தது. ஆனால், சலாமிஸ் அருகே குறுகலான கடலில் பாரசீகக் கப்பல்கள் ஒன்றோடு ஒன்று மோதித் திணறின. கரையில் சிம்மாசனம் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்த செர்க்சசின் கண் முன்னாலேயே கிரேக்கர்கள் வென்றனர்.

அடுத்த ஆண்டு பிளேட்டியா என்ற இடத்தில் தரைப்படையும் வென்றது. கைப்பற்றிய பொருட்களைக் கொண்டு டெல்பிக்கு ஒரு காணிக்கை செய்தனர். மூன்று பாம்புகள் பின்னிக் கொண்டது போன்ற வெண்கலத் தூண். அதனுடன் ஒரு தங்க முக்காலி. ஸ்பார்டா தளபதி பாசானியஸ் தன் பெயரை அதில் பொறித்து விட்டார். ஸ்பார்டாக்காரர்களே அதை அழித்து விட்டு, சேர்ந்து போரிட்ட 31 ஊர்களின் பெயர்களைப் பொறித்தனர்.

நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, வேறொரு போரில் கோவிலைப் பிடித்தவர்கள் தங்கத்தை எடுத்துச் செலவழித்து விட்டனர். தூண் தப்பியது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், தன் புதிய தலைநகரை அலங்கரிக்க அதைப் பெயர்த்துக் கொண்டு போனார். அந்த நகரம் தான் இன்றைய இஸ்தான்புல். கி.பி., நான்காம் நூற்றாண்டின் இறுதியில் டெல்பியில் அருள்வாக்கு நின்று போனது. மேலே ஒரு கிராமமே எழுந்தது. 1892ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கிய போது, அந்தக் கிராமத்தையே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது.

பாம்புத் தூண் இஸ்தான்புல்லின் சுல்தான் அகமது சதுக்கத்தில், ஐந்து மீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் இப்போதும் நிற்கிறது. மூன்று தலைகளும் உடைந்து விட்டன. ஒரு தலையின் மேல்தாடை மட்டும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.